வெறுமையாய் ஓடும்போது டபுள் கெப்பின் பின்பக்கம் துள்ளுகிறது: கொங்கிறீட் ஒழுங்கையில் என்ன செய்யலாம்?

விசுவமடுக்காரன்

வணக்கம். எங்களிடம் 2008ஆம் ஆண்டு ஹைலக்ஸ் வீகோ டபுள் கெப் (இரண்டு வரிசைச் சீற் உள்ள பிக்கப்) ஒன்று இருக்கிறது. போன வருடம் கைமாறி வாங்கியது. எனக்கு முதல் வைத்திருந்தவர் மணலும் கல்லும் ஏற்றினவர். நான் ஏற்றுவது கச்சான், அறுவடை நேரம் நெல். பத்து மூடை நெல் ஏற்றிவிட்டால் வாகனம் தொட்டில் மாதிரிப் போகும். வெறுமையாய் ஓடும்போதுதான் பிரச்சினை.

பிரதான வீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் கொங்கிறீட் ஒழுங்கை. முன்பு கிரவல். மாரியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த ஒழுங்கை அது, அதனால் கொங்கிறீட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கொங்கிறீட் பலகைகள் சேரும் ஒவ்வொரு பொருத்திலும் பின்பக்கம் தூக்கிப் போடுகிறது. ஒரு துள்ளல் அடங்க முன்னம் அடுத்த பொருத்து வந்துவிடும். நாலாவது ஐந்தாவது பொருத்துக்குள் துள்ளல் வளர்ந்து, பின்னால் கிடக்கும் ஜக் எழும்பி விழுகிற சத்தம் கேட்கும்.

எனக்கென்றால் பரவாயில்லை. அம்மாவுக்காகத்தான் கேட்கிறேன். 2009இல் முதுகில் பட்ட ஷெல் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. முள்ளந்தண்டுக்குக் கிட்ட இருப்பதால் எடுக்காமல் விடுவதுதான் நல்லது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். மாதம் ஒருமுறை கிளிநொச்சிக்குக் கிளினிக் கூட்டிப்போகிறேன். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிடுவோம். அவர் பின்சீற்றில் தலையணை வைத்துச் சாய்ந்து வருவார். ஒழுங்கை முடியும்வரை முன்சீற்றை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருப்பார். வாய் திறந்து ஒரு சொல் சொல்லமாட்டார். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்ட என்னால் முடியவில்லை. போன மாதம், "இனி நான் பஸ்ஸில போறன்" என்றார்.

நான் கவனித்தவை: தார் போட்ட காப்பெட் வீதியில், அதாவது பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலும் ஏ9இலும், துள்ளல் இல்லை. பாலங்களின் இரண்டு முனையிலும் மட்டும் ஒரு தூக்கு. கொங்கிறீட்டில் 30, 35இல் போகும்போதுதான் படுமோசம், 20இல் குறைவு. ரேப் பிடித்து அளந்தேன், பொருத்துக்குப் பொருத்து நாலரை மீற்றர். இன்னொன்று, விடியப்புறத்தில் துள்ளல் கூட, மத்தியானம் திரும்பி வரும்போது குறைவு. அம்மாவும் அப்படித்தான் சொல்கிறார். பின் ரயர் இரண்டிலும் 45 psi காற்று.

ஒரு கராஜில் கேட்டேன், கெப் என்றால் அப்படித்தான் என்றார்கள். இன்னோர் இடத்தில் ஸ்பிரிங்குக்கும் சட்டகத்துக்கும் இடையில் காற்றுப்பை போடச் சொன்னார்கள். காசைச் செலவழிக்க முதல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லொறிக்காரன்

தம்பி, 45 காற்றை வைத்துக்கொண்டு வேறு எதையும் தேட வேண்டாம். அது நெல் ஏற்றுகிற நேரத்துக் காற்று. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் அதில் வெறுமைக்கு ஒன்று, சுமைக்கு ஒன்று என்று இரண்டு அளவு இருக்கும். விடிய, வாகனம் ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து வெறுமைக்கு உள்ள அளவுக்கு இறக்குங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம், ரயர் சூடேறி ஓரம் வெடிக்கும். மூடை ஏற்றுகிற நாளில் மறக்காமல் திரும்ப அடியுங்கள். நான் ஒரு சின்னப் பம்ப் வாங்கிச் சீற்றுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

பிறகு இரண்டு மணல் மூடை. பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது கொஞ்சம் முன்னுக்கு. பின்கதவோடு வைத்தால் ஆட்டம் கூடும். நைலோன் கயிற்றால் நான்கு பக்கமும் கட்டுங்கள். மாடு குறுக்கே வந்து பிரேக் அடித்தால் அந்த மூடை கபினை நோக்கி வரும்.

அம்மாவை முன்சீற்றில் இருத்துங்கள். டபுள் கெப்பில் பின்சீற் பின்சில்லுக்குக் கிட்ட இருக்கிறது. முன்சீற் இரண்டு அச்சுக்கும் நடுவில் வருகிறபடியால் தூக்கல் பாதிதான் வரும்.

மாங்குளம் கராஜ்

ஐயா சொன்ன காற்றை முதலில் செய்யுங்கள், அதற்குச் செலவில்லை. ஆனால் வளர்ந்துகொண்டு போகும் துள்ளல் என்று எழுதியிருக்கிறீர்கள். அது காற்றினால் மட்டும் வருவதில்லை. அடக்குகிற சாமான் அடக்கவில்லை என்று அர்த்தம்.

கெப்புக்குக் கீழே படுத்து இரண்டு விடயம் பாருங்கள். முதலாவது, பின் சொக், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய் உருளை. உடம்பில் எண்ணெய் ஈரம், அதில் மண் ஒட்டிய கறுப்பு இருந்தால் சொக் முடிந்தது. காய்ந்திருந்தாலும் நம்பாதீர்கள், பின் பம்பரில் ஏறி நின்று நாலுதரம் அமத்தி விட்டு இறங்குங்கள். ஒருதரம் எழும்பி நின்றால் நல்லது. மூன்று நாலுதரம் ஆடினால் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, பின் ஸ்பிரிங்கில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் பிளேட்டை எண்ணுங்கள். மணல் ஏற்றினவர் வைத்திருந்த வாகனம் என்று வாசித்தவுடனே எனக்கு அதுதான் தோன்றியது. வன்னியில் வேலைக்கு ஓடின கெப்பில் பிளேட் கூட்டாத கெப் எனக்குக் கிடைப்பது குறைவு. பிறகு போட்டது பார்க்கவே தெரியும். தடிப்பு வேறு, துருவின் நிறம் வேறு, வளைவு மற்றதோடு பொருந்தாது. பிளேட் கூட்டினால் ஸ்பிரிங் விறைக்கும். விறைத்த ஸ்பிரிங்கை அடக்கப் பழைய சொக்குக்குப் பலம் காணாது. பத்து மூடை ஏற்றினால் அந்த விறைப்புக்கு வேலை கிடைக்கிறது, அதனால்தான் உங்களுக்குத் தொட்டில் மாதிரி இருக்கிறது. வெறுமையில் அதற்கு வேலை இல்லை, தட்டியதெல்லாவற்றையும் மேலே எறிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஆட்கள் கவனிப்பதில்லை. சில ஹைலக்ஸில் பின் அச்சிலிருந்து ஒரு சின்னக் கம்பி மேலே பிரேக் வால்வுக்குப் போகும். பின்பக்கம் தாழ்ந்தால் சுமை இருக்கிறது என்று பின் பிரேக்கைக் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். பிளேட் கூட்டிப் பின்பக்கத்தை உயர்த்தினால், சுமை ஏற்றியும் வால்வு வெறுமை என்றே எடுத்துக்கொள்ளும். கூட்டினவர்கள் அந்தக் கம்பியைச் சரிசெய்வதில்லை. அதையும் பார்ப்பியுங்கள்.

விசுவமடுக்காரன்

அண்ணை, இன்று பின்னேரம் கீழே படுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு இரண்டு பிளேட் கூட்டியிருக்கிறார்கள், மற்றதைவிடத் தடிப்பு. இடப்பக்கச் சொக் கறுத்துப்போய்க் கிடக்கிறது. பம்பரில் ஏறி அமத்தினேன், நாலுதரம் ஆடியது. பிளேட்டைக் கழற்றினால் கச்சான் காலத்தில் என்ன செய்வது?

கொடிகாமம் ரைடர்

காற்றுப்பை போடுங்கள் புறோ. என் நண்பர் போட்டிருக்கிறார், சூப்பராக இருக்கிறது.

மாங்குளம் கராஜ்

காற்றுப்பை கெட்ட சாமான் இல்லை. ஆனால் அது சுமைக்குப் போடுவது. ஏற்கெனவே விறைத்திருக்கிற ஸ்பிரிங்கோடு அதையும் சேர்த்தால் இன்னும் விறைக்கும். கூட்டின பிளேட்டைக் கழற்றி, சுமை நாளில் மட்டும் பையில் காற்றடிப்பது என்றால் அது வேறு கதை.

விசுவமடுத் தம்பிக்கு: இரண்டையும் ஒரேயடியாய்க் கழற்ற வேண்டாம். பக்கத்துக்கு ஒன்று கழற்றி ஒரு கிழமை ஓடிப் பாருங்கள். கம்பனி போட்டதில் கை வைக்காதீர்கள். மிச்சப் பிளேட்டைக் கழுவித் துருவைச் சுரண்டி வையுங்கள். துருவேறிய பிளேட் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துக்கொண்டால் சின்ன அடிக்கு வளையாது, முழு அடியும் கபினுக்கு வரும். பிளேட் குறைந்தால், அவற்றை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டில் மரை போதாமல் போகலாம், புதிது வாங்குங்கள். ஸ்பிரிங் முனையில் உள்ள ரப்பர் ஷக்கிள் புஷ் நட்டுகளை வாகனம் ஜக்கில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சில்லு நிலத்தில் ஊன்றி, பாரம் இறங்கிய பிறகு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுகி நின்று சீக்கிரம் கிழியும். சொக்கைச் சோடியாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு யூ போல்ட்டைத் திரும்ப இறுக்குங்கள்.

உடையார்கட்டான், ரொறன்ரோ

எங்கள் ஊர்ப் பக்கத்து ஒழுங்கை என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கே பிக்கப் ஓட்டுகிறேன். 407 நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் கொங்கிறீட்தான். வெறுமையாய் ஓடும்போது எனக்கும் பின்பக்கம் நடுங்கியது, அதனால் இதைக் கொஞ்சம் தோண்டிப் படித்தேன்.

நீங்கள் நாலரை மீற்றர் என்று அளந்து சொன்னது பெரிய உதவி. 32 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 9 மீற்றர். நாலரையால் பிரித்தால் செக்கனுக்கு இரண்டு தட்டு. வெறும் கெப்பின் பின்பக்கத்தை அமத்தி விட்டால் தானாக ஆடுவதும் செக்கனுக்கு இரண்டுக்குக் கிட்டத்தான். ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல ஒவ்வொரு பொருத்தும் தள்ளுகிறது. அதனால்தான் வளர்கிறது. 20இல் போனால் செக்கனுக்கு ஒன்றேகால், ஆட்டத்தோடு சேராது. மூடை ஏற்றினால் ஆட்டமே மெதுவாகிவிடும், 32இல் தள்ளு பொருந்தாது.

இங்கே 100இல் போகும்போது கதை வேறு. அதே இடைவெளிக்குச் செக்கனுக்கு ஆறு தட்டு. அந்த நேரம் ஸ்பிரிங் மட்டுமல்ல, பிக்கப்பின் நீளச் சட்டகமே வில்லுப்போல மெல்ல வளைந்து ஆடும். நல்ல சொக் போட்டும் முழுதாகப் போகாத நடுக்கம் அது. கலிபோர்னியாவில் இதைத் தவிர்க்க நெடுஞ்சாலைப் பொருத்துகளை ஒரே அளவில் வெட்டாமல் 12, 15, 13, 14 அடி என்று மாற்றி மாற்றி வெட்டியிருக்கிறார்கள். தள்ளு தாளம் பிடிக்காது. உங்கள் ஒழுங்கையில் எல்லாம் ஒரே நாலரை.

விடியப்புறத்தில் கூட என்று அம்மா சொன்னது சரி. இரவில் கொங்கிறீட்டின் மேல்முகம் குளிர்ந்து சுருங்கும், அடிமுகம் சூட்டோடு இருக்கும். அதனால் பலகையின் ஓரங்கள் மெல்ல மேலே எழும்பும், பொருத்து ஒவ்வொன்றும் சின்ன மேடாகும். வெயில் ஏற அது தாழ்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. முதுகுக்குத் தெரியும். முடிந்தால் கிளினிக் நாளில் ஒழுங்கையை மட்டும் 20க்குள் கடவுங்கள். ஒன்றரைக் கிலோமீற்றருக்கு இரண்டு நிமிடம்கூட அதிகமாகாது.

விசுவமடுக்காரன்

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னியுங்கள். அறுவடை.

ஒவ்வொன்றாகச் செய்தேன், எது எவ்வளவு குறைக்கிறது என்று தெரியட்டும் என்று. முதலில் காற்று. தாள் அரைவாசி அழிந்திருந்தாலும் எண் தெரிந்தது. 45இலிருந்து வெறுமைக்குரிய அளவுக்கு இறக்கிய அன்றே அந்த "டக் டக்" என்ற வெட்டு போய்விட்டது. ஆனால் துள்ளல் இருந்தது.

பிறகு சொக் சோடியும் பிளேட்டும் ஒரே நாளில். பழைய சொக்கைக் கழற்றிக் கையால் அமத்திப் பார்த்தோம், இடப்பக்கத்தது சைக்கிள் பம்ப் மாதிரி எந்தப் பிடிப்பும் இல்லாமல் உள்ளே போனது. பக்கத்துக்கு ஒரு பிளேட் எடுத்தேன். மற்றதை விட்டுவைத்திருக்கிறேன், நெல் ஏற்ற வேண்டும். பின்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்தது. பிரேக் கம்பி இருந்தது, மாங்குளம் அண்ணை சொன்ன மாதிரி யாரும் தொடாமல் பழைய அளவிலேயே கிடந்தது, அதையும் சரிசெய்தார்கள். இப்போது பொருத்தில் ஏறினால் ஒருதரம் எழும்பி நின்றுவிடுகிறது. 30இலும் வளரவில்லை. மணல் மூடை இரண்டு கட்டிப் பார்த்தேன், இன்னும் மென்மைதான். அதைக் கிளினிக் நாளில் மட்டும் கட்டுகிறேன், சும்மா எந்த நேரமும் சுமந்து எண்ணெய் எரிக்க வேண்டாம் என்று.

புதன்கிழமை கிளினிக். அம்மாவை முன்சீற்றில் இருத்தி, முதுகுக்குத் தலையணை வைத்து, ஒழுங்கையை 20இல் ஓட்டினேன். பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். காப்பெட்டில் ஏறித் தர்மபுரம் பக்கம் போகும்போது, "ஒழுங்கை முடிஞ்சுதே?" என்று கேட்டார். முரசுமோட்டைக்குக் கிட்ட நித்திரையாகிவிட்டார். அந்த வாகனத்தில் அவர் நித்திரை கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

உங்கள் எல்லாருக்கும் நன்றி. யூ போல்ட்டை இந்தச் சனிக்கிழமை திரும்ப இறுக்குகிறேன். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குக் கூட்டிப்போகச் சொல்லி அம்மாவே கேட்டிருக்கிறார். லொறிக்கார ஐயா, புதுக்குடியிருப்புத் தாண்டி உள்வீதியில் எங்காவது கொங்கிறீட் இருந்தால் சொல்லுங்கள், மணல் மூடையைக் கழற்றாமல் விடுகிறேன்.