அண்ணனுக்குச் சிறையா, தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அண்ணனுக்கு ஆறு வருடமாக ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). போன மாதம் பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடியை உடைத்துவிட்டார். இப்போது ரிமாண்டில் இருக்கிறார். பாதி தீர்ந்த மாத்திரை அட்டை இன்னும் அம்மாவின் கைப்பையில்தான் கிடக்கிறது.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 342-வது பிரிவுப்படி, மாஜிஸ்திரேட் ஒரு மாதம் வரை மனநல மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்கச் சொல்லலாம். டாக்டர் கேட்டால் இன்னும் இரண்டு மாதம். எங்கள் பக்கத்துக்கு 1911-ல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனைதான். (சின்ன வயதில் கேலிக்குச் சொன்ன பெயர். இப்போது கேட்டாலே அம்மா அழுகிறார்.)

சிறையில் மருந்து தருவார்கள், சரி. ஆனால் அது வைத்தியத்துக்காகக் கட்டிய இடமா? மருத்துவமனைதான் மேல் என்று எனக்குப் படுகிறது. பயம் வேறு இடத்தில்: மனநோய் காரணமாக விடுதலை என்று தீர்ப்பானாலும் வீட்டுக்கு விட மாட்டார்களாம். 348-வது பிரிவில், பினாங்கு என்றால் ஆளுநர் உத்தரவு வரும்வரை உள்ளேயே, தேதி கிடையாது. ஒரு கார் கண்ணாடிக்கு!

இதைக் கடந்து வந்த குடும்பம் யாராவது இருக்கிறீர்களா? 342-ஐ வக்கீல் கேட்க வேண்டுமா? கிளினிக் அட்டையை இப்போதே கோர்ட்டில் காட்டலாமா? அடுத்த வாரம் வழக்கு.