மறுமொழி: ‘செயலற்ற ஒலிபெருக்கி’ என்பதை மாற்றலாமா?

தமிழாக்கக் குழுவினருக்கு வணக்கம். ஆங்கிலத்தில் passive speaker, active speaker எனப்படும் இரு வகை ஸ்பீக்கர்களுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் உள்ள பெயர்களை மாற்றலாம் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்வி இது:

> ‘செயலற்ற ஒலிபெருக்கி’, ‘செயல்படு ஒலிபெருக்கி’ என்ற இணை ஏற்கெனவே நம் பட்டியலில் இருக்கிறது. அதில் என்ன குறை கண்டீர்கள்?

அந்த இணையைப் பட்டியலில் ஏற்றியவனே நான்தான். ஆகவே குறையையும் நானே சொல்லிவிடுகிறேன்.

கணினி ஒலி அமைப்புக்கான உதவிப் பக்கத்தைத் தமிழாக்கியபோது, “செயலற்ற ஒலிபெருக்கிகளைக் கணினியின் பச்சைத் துளையில் நேரடியாகச் செருக வேண்டாம்” என்று எழுதினேன். போன மாதம் புளியரையிலிருந்து அக்கா மகன் வந்தான். பழைய டேப் ரிக்கார்டர் செட்டின் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். “மாமா, இது ரெண்டும் செயலற்றதுன்னு உங்க பக்கத்துல போட்டிருக்கே. ரிப்பேருக்குக் குடுக்கவா, பழைய இரும்புக்குப் போட்டுரவா?”

கோன் (உள்ளே அதிரும் கூம்பு) கிழியவில்லை, ரப்பர் விளிம்பு இற்றுப்போகவில்லை. நல்ல பெட்டிகள். அவற்றை ஆக்கர் கடைக்கு அனுப்பப் பார்த்தது என் சொல். ‘செயலற்ற’ என்றால் தமிழில் ஒரே பொருள்தான்: வேலை செய்யாதது. செயலற்ற அரசு, செயலற்ற சிறுநீரகம், செயலற்ற மின்விசிறி. இந்த வரிசையில் ஒலிபெருக்கியையும் வைத்துவிட்டு, வாசகர் அதை மட்டும் வேறு மாதிரிப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரி, பொருளுக்கு வருவோம். கணினியின் பச்சைத் துளையிலிருந்து வருவது மெல்லிய சைகை. ஏறத்தாழ ஒரு வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு கோனைத் தள்ள முடியாது. இடையில் ஒரு பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) வேண்டும். அந்தப் பெருக்கி எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பது ஒன்றே இந்த இரு வகைக்கும் உள்ள வேறுபாடு. வீட்டில் இருக்கும் 2.1 செட்டைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கரண்ட் வயர் பெரிய பெட்டிக்கு மட்டும்தான் போகும். பெருக்கி அதற்குள் இருக்கிறது. சின்னப் பெட்டிகள் இரண்டும் அதைச் சார்ந்தவை. நாம் ‘செயலற்ற’ என்று எழுதிய பெட்டிகள்தான் ஒவ்வொரு மேசையிலும் இடமும் வலமும் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கின்றன.

கூடுதல் பெட்டி மாட்டும்போது இந்த வேறுபாட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டால் கைக்காசு போகும். மருமகனின் பெட்டிகளை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு இழுக்க நினைத்து நான் செய்ததைச் சொல்கிறேன். 2.1 செட்டின் சின்னப் பெட்டிகள் 4 ஓம். பழைய பெட்டிகளும் 4 ஓம். சின்னப் பெட்டிகளின் வயரோடு வயராகப் புதியவற்றையும் முறுக்கிவிட்டேன், அதாவது பக்க இணைப்பு. நான்கும் நான்கும் பக்க இணைப்பில் 2 ஓம் ஆகிவிடும். பெருக்கி இரு மடங்கு மின்னோட்டம் தர வேண்டிவரும். இரண்டு பாட்டு அருமையாகப் பாடியது. மூன்றாவதில் சத்தமே இல்லை. பெரிய பெட்டியின் முதுகு தோசைக்கல்லாகக் கொதித்தது. உள்ளே இருந்தது டிடிஏ 2030 சிப். சூடு மிஞ்சினால் தானே நின்றுகொள்ளும் என்பதால் பிழைத்தது.

செங்கோட்டை பஜாரில் ரேடியோ கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைத் திறக்கவே இல்லை.

“தம்பி, பிளக் பெட்டியா, வயர் பெட்டியா?”

“எது அண்ணாச்சி?”

“கூடப் போட்டீகளே, அதச் சொல்லுதேன். பிளக் பெட்டின்னா கம்ப்யூட்டர்லேருந்து வார வயர ரெண்டாப் பிரிச்சு மாட்டிக்கிடலாம், ஒண்ணும் ஆகாது. வயர் பெட்டின்னா ஓம்ஸ் பாக்கணும். நாலும் நாலும் சேத்து முறுக்குனா செட்டு பொகஞ்சிரும். ஒண்ணோட வாலுல ஒண்ணக் கட்டுங்க.”

பெருக்கி உள்ளே இருந்து தனியாகக் கரண்ட் எடுப்பது அவருக்குப் பிளக் பெட்டி, பெருக்கி இல்லாதது வயர் பெட்டி. ஒன்றின் வாலில் ஒன்று: தொடரிணைப்பு. 4 + 4 = 8 ஓம், செட்டுக்கு ஆபத்தில்லை. ஆனால் சத்தம் குறையும். ஒரே மாதிரிப் பெட்டிகளாக இருந்தால், தனியாக இருந்தபோது கிடைத்த திறனில் கால்பங்குதான் ஒவ்வொன்றுக்கும் போகும். பிறகு இரண்டு எச்சரிக்கை சொன்னார். சில புதுச் செட்டுகளில் இடப்பக்கக் கறுப்பு வயரையும் வலப்பக்கக் கறுப்பு வயரையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. அந்தப் பெருக்கிகளில் கறுப்பு வெறும் பூமி வயர் அல்ல, அதிலும் சைகை ஓடுகிறது. இரண்டாவது, சிவப்பும் கறுப்பும் மாறினால் ஒரு கோன் முன்னால் வரும்போது இன்னொன்று பின்னால் போகும், பாஸ் எனும் அடித்தொண்டை ஒலி செத்துவிடும். அடையாளம் அழிந்த பெட்டியா? ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டுத் தொட்டு எடுத்துக் காட்டினார். கோன் எந்தப் பக்கம் தொட்டால் முன்னால் துள்ளுகிறதோ, பேட்டரியின் கூட்டல் முனை இருக்கும் அந்தப் பக்கம்தான் சிவப்பு. மறுமுறை நானே தொட்டேன். தவளைத் தொண்டை மாதிரி ஒரு துள்ளல்.

வயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாடியிலிருந்து திண்ணைக்கு 12 மீட்டர். போக வர 24. அரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் இது ஏறத்தாழ 0.8 ஓம். 4 ஓம் பெட்டிக்குப் போகும் திறனில் ஆறில் ஒரு பங்கை வயரே தின்றுவிடும். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் வாங்குங்கள்.

இனிச் சொல். இந்த இழையில் வந்த முன்மொழிவுகளை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தேன்.

‘மின்னூட்டு ஒலிபெருக்கி’ (பெருக்கி உள்ள வகைக்கு): மின்னூட்டம் என்றதும் சார்ஜ் ஏற்றுவது நினைவுக்கு வரும். வாசகர் புளூடூத் உருண்டையைத் தேடுவார்.

‘தற்பெருக்கி’ (இதுவும் அதற்கே): இலக்கணம் சரி. ஆனால் காதில் தற்பெருமை விழுகிறது. மேடை மைக்குக்குப் பொருந்தலாம்.

‘ஊமைப் பெட்டி’ (பெருக்கி இல்லாததற்கு): என் அம்மா சொன்னது. அழகுதான். ஆனால் ஒலியை அடக்கும் பொத்தானோடு குழம்பும். பேச்சில்லாத மனிதரைக் குறித்த சொல்லைப் பொருளுக்கு ஒட்டவும் எனக்கு மனமில்லை.

‘பெருக்கியுள்ள’, ‘பெருக்கியில்லாத’ என்று நேராகவே சொல்லலாமே என்றார் ஒருவர். நானும் முதலில் அதற்குத்தான் போனேன். எழுதிப் பார்த்தால் ‘பெருக்கியில்லாத ஒலிபெருக்கி’ என்று வருகிறது! காலில்லாத முக்காலி. இங்கேதான் முடிச்சு எங்கிருக்கிறது என்பது தெரிந்தது. ‘ஒலிபெருக்கி’ என்ற சொல்லே பெருக்குகிற வேலையை ஸ்பீக்கர் தலையில் ஏற்றிவிட்டது. ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. மின்சைகையை ஒலியாக்குகிறது, அவ்வளவுதான். பெருக்கி என்ற பெயரைப் பாடப்புத்தகம் ஆம்ப்ளிஃபையருக்கு முறையாகவே கொடுத்திருக்கிறது. மலையைத் தாண்டினால் மலையாளத்தில் ‘உச்சபாஷிணி’: உரக்கப் பேசுவது. எங்கள் செங்கோட்டைப் பக்கம் 1956 நவம்பர் 1 வரை மலையாளத்து மாநிலத்தோடு இருந்தது என்பதால் இந்த ஒப்பீடு எனக்குத் தானாக வந்துவிடும். இந்த ஓர் இடத்தில் அவர்கள் பெயரில் நமக்குள்ள சிக்கல் இல்லை.

‘ஒலிபெருக்கி’யை ஊரிலிருந்தே துரத்தச் சொல்லவில்லை. கோயில் கொடையில் மரத்தில் கட்டும் குழாய்க்கு அது இருக்கட்டும். வீட்டுக் கணினிப் பக்கத்தில் மட்டும் அண்ணாச்சி சொல்கிற ‘பெட்டி’யை எடுத்துக்கொள்வோம். அவருடைய ‘பிளக் பெட்டி’ எனக்கு மிகவும் பிடித்தது. யுஎஸ்பியில் மின்சாரம் எடுக்கும் பெட்டிகள் வந்த பிறகு அது நிற்காது என்பதால் மனசில்லாமல் விடுகிறேன்.

என் முன்மொழிவு: பெருக்கி உள்ளே இருந்தால் ‘பெருக்கிப்பெட்டி’. இல்லாவிட்டால் ‘சார்பெட்டி’. பின்னது சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை, அதில் ஒற்று மிகாது.

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

———

> என் முன்மொழிவு: [...] ‘சார்பெட்டி’.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். பெருக்கிப்பெட்டி நன்று. சார்பெட்டியைப் பள்ளிக்கூடத்தில் ஏழு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். ஐந்து பேர் “சார் பெட்டி” என்று படித்தார்கள். ஒருவன், “எந்த சாரோட பெட்டி?” என்று கேட்டான்.

கூடவே ஒன்று. மின்மறிப்பு (இம்பீடன்ஸ்) என்று தனிச்சொல் எதற்கு, மின்தடை போதுமே என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். போதாது. 8 ஓம் பெட்டியை மீட்டரில் அளந்தால் 6, 7 என்றுதான் காட்டும். மீட்டர் காட்டுவது தடை. பெட்டியின் முதுகில் அச்சிட்டிருப்பது மறிப்பு. அது சுருதிக்குச் சுருதி மாறும். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால், மீட்டரை நம்புகிறவர் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைப்பார்.

———

> “எந்த சாரோட பெட்டி?”

தோற்றேன். ‘சார்புப்பெட்டி’ என்று மாற்றிக்கொள்கிறேன். முதலெழுத்து, சார்பெழுத்து என்று படிக்காதவர் யாருமில்லை; பிறிதொன்றைச் சார்ந்து ஒலிப்பது என்ற பொருள் அங்கேயே ஊன்றியிருக்கிறது. கணிதத்தில் சார்பு வேறு பொருளில் வருகிறதே என்பார்கள். கணக்குப் புத்தகத்தில் யாரும் ஸ்பீக்கர் மாட்டுவதில்லை. தடை, மறிப்பு பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே விளக்கக் குறிப்பில் சேர்க்கிறேன்.

பெருக்கிப்பெட்டி என்றால் பெருக்கியை மட்டும் வைத்த பெட்டி என்று படிக்கவும் இடமுண்டு. அது எனக்குத் தெரியும். தனியாக இருந்தால் அது பெருக்கிதான் என்று ஒரு வரி போட்டால் தீரும்.

நேற்று மருமகன் அந்த இரண்டு பெட்டிகளின் முதுகிலும் ‘சார்புப்பெட்டி’ என்று தாளில் எழுதி ஒட்டி, அண்ணாச்சி கடைக்கு எடுத்துப்போனான். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். “பேரு நல்லாத்தான் இருக்கு. எத்தன ஓம்ஸ்னு போடலியே?” என்றாராம். இப்போது கீழே ‘4 ஓம்’ என்றும் எழுதியிருக்கிறோம்.