லயத்துக் கோடியில் கண்ட கட்டைவால் பறவை எது?

கேள்வி (ஹட்டன்): ஒக்டோபர் விடியலில் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் ஒரு பறவை களைத்து உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, கட்டை வால், அதன் அடியில் இரத்தச் சிவப்பு. அம்மா மீன்கொத்தி என்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை.

பதில்: தம்பி, அது ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரட்டை விசிலடிக்கும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே இலங்கைக்கு வருகிறது. அத்தனை தூரம் பறந்தால் களைக்காதா? மயில் தன் ஆடையைத் திருடிவிட்டதென்று அது அழுவதாகச் சிங்களத்தில் ஒரு கதை உண்டு. தரையில் சருகைக் கிளறினால் சந்தேகமே வேண்டாம்.

பதில்: நுவரெலியா விக்டோரியா பூங்காவிலும் ஆறுமணிக்குருவியைப் பார்த்திருக்கிறேன். காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அங்கே வரும்.

கேட்டவர்: நன்றி அண்ணா. இன்று சருகைத்தான் கிளறியது. அம்மாவுக்கு இன்னும் அது மீன்கொத்திதான்.