கையைத் தூக்க முடியாத நாட்கள்: தோள் நோவும் பிசியோதெரபியும், எங்கள் அனுபவங்கள்

வெள்ளவத்தை, ஆசிரியை:

எனக்கு 53 வயது. கணிதம் கற்பிக்கிறேன். பதினொரு வருடங்களாக நீரிழிவு இருக்கிறது. கடந்த வருடம் தைப்பொங்கல் கழிந்த கையோடு வலது தோளில் ஓர் உளைவு தொடங்கியது. கரும்பலகையின் மேல் பாதியில் எழுதும்போது மட்டுமே தெரிந்தது. அதனால் கீழ்ப் பாதியில் எழுதத் தொடங்கினேன். பங்குனியில், இரவில் அந்தப் பக்கம் புரண்டால் தூக்கம் கலைந்துவிடும். சித்திரைப் புத்தாண்டன்று சேலை முந்தானையைத் தோளுக்கு மேல் எடுத்துப் போட முடியவில்லை. மகள்தான் உடுத்திவிட்டாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து நோவெண்ணெய் வந்தது. அம்மா அதைச் சூடாக்கித் தேய்த்துவிட்ட இரவுகளில் கொஞ்சம் தூங்கினேன். அந்தச் சுகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நோ தணிந்ததே தவிர, தோள் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனது. பிறகு ஒரு தனியார் நிலையத்தில் பத்து நாட்கள் மின் இயந்திரம் வைத்தார்கள். அந்தப் பத்து நாட்களிலும் என் கையை ஒருவர்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை, திருப்பிப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

கடைசியில் நீரிழிவு கிளினிக்கில்தான் வழி பிறந்தது. அங்கிருந்த டொக்டர் என் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்னங்கையை வெளிப்பக்கம் திருப்பினார். கை அசையவில்லை. "நீங்களாகத் தூக்க முடியாதது மட்டுமல்ல, நான் திருப்பினாலும் போகவில்லை. இது உறைந்த தோள்" என்றார். எக்ஸ்-கதிர்ப் படத்தில் எலும்பில் ஒன்றும் இல்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பதினொரு வருடங்கள் கால், கண், சிறுநீரகம் என்று எச்சரிக்கை கேட்டிருக்கிறேன். தோளைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

தோள்மூட்டுக்குள் ஊசி போட்டார்கள். அது ஸ்டீரொயிட். மறுநாள் இரத்தச் சீனி 290 காட்டியது. சில நாட்கள் உயரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. நீரிழிவு உள்ளவர்கள் ஊசிக்கு முன் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு பிசியோதெரபி. எனக்குக் கிடைத்த மிஸ் சிங்களவர், பொறுமையானவர். கையைத் திருப்பும்போதெல்லாம் "ரிதெனவாத?" (நோகிறதா?) என்று கேட்பார். நோகிறது என்று சொல்ல எனக்குச் சிங்களம் போதும். ஆனால் எப்படி நோகிறது என்று சொல்ல வரவில்லை. உளைவு வேறு, குத்து வேறு, இழுவை வேறு, எரிவு வேறு. மூன்றாம் நாள் நாங்கள் இருவரும் ஒரு பாஷை உண்டாக்கிக்கொண்டோம். கையை மூடிக் காட்டினால் உளைவு, ஒரு விரலை நீட்டினால் குத்து. மூடிய கைக்கு அவர் மெதுவாகத் தொடர்வார். ஒரு விரலுக்கு உடனே நிறுத்திவிடுவார். என் தோள் திரும்பியது அந்த மூன்றாம் நாளிலிருந்துதான் என்று நம்புகிறேன்.

வீட்டில் செய்தவை: மேசையில் இடக்கையை ஊன்றிக் குனிந்து, நோவுள்ள கையைக் கிணற்று வாளி போலத் தொங்கவிட்டு ஆட்டுவது. விளக்குமாற்றுத் தடியை இரு கைகளாலும் பிடித்து, நல்ல கையால் மற்றதை வெளியே தள்ளுவது. குசினி நிலையில் விரல்களால் நடந்து ஏறுவது. எட்டிய இடத்தில் ஒவ்வொரு ஞாயிறும் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். ஒரு நாளில் ஐந்து தடவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம். முதல் ஆறு வாரங்கள் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகவே கிடந்தன. அந்த ஆறு வாரங்களில் விட்டுவிடாதீர்கள். ஏழாவது வாரம் என் கோடு ஒரு விரல் அகலம் மேலே ஏறியது.

ஆடிவேல் நேரம் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் தீபாராதனையின்போது எல்லோர் கைகளும் தலைக்கு மேலே போயின. என்னுடையது இடக்கை மட்டும் போனது. அடுத்த வருடம் இரண்டும் போகும் என்று அந்த இடத்திலேயே நினைத்துக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனை, 22 வயது:

அக்கா, என்னுடையது உங்களுடையதற்கு நேர்மாறு. உங்கள் தோள் அசையவில்லை. என் தோள் நிற்கவில்லை.

கடற்கரையில் கரப்பந்து விளையாடும்போது பந்தை அடிக்கப் பாய்ந்து, நீட்டிய கையோடு விழுந்தேன். இடது தோள் முன்பக்கம் கழன்றுவிட்டது. தோளின் உருண்டை வடிவம் மறைந்து, சட்டையைக் கொக்கியில் மாட்டியது போலச் சதுரமாகத் தெரிந்தது. நண்பன் ஒருவன் "இழுத்தால் ஏறிவிடும்" என்று சொல்லி இழுத்தான். அவன் நல்ல எண்ணத்தில்தான் செய்தான். ஏறியும்விட்டது. ஆனால் மேற்கையின் வெளிப்புறத்தில் உள்ளங்கை அளவு இடம் மரத்துப்போனது. அந்த இடத்தின் உணர்ச்சிக்கு ஒரு நரம்பு தோள்மூட்டை ஒட்டியே போகிறதாம். அது நசுங்கினால் கையைப் பக்கவாட்டில் தூக்கும் தசையும் சோர்ந்துவிடும் என்று வைத்தியசாலையில் விளக்கினார்கள். எனக்கு இரண்டு மாதங்களில் உணர்ச்சி திரும்பியது.

என் பெரிய பிழை அதற்குப் பிறகு நடந்தது. மூன்று வாரத்தில் நோ போய்விட்டது. நோ போனதும் சுகம் வந்துவிட்டது என்று நினைத்துப் பயிற்சியை விட்டேன். 101 பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நின்றபோது, காலி வீதியில் சாரதி திடீரென்று பிரேக் போட்டார். மீண்டும் கழன்றது. பஸ்ஸுக்குள் நான் கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது ஐந்தாவது மாதம். இறப்பர்ப் பட்டி கட்டி உள்ளேயும் வெளியேயும் இழுக்கிறேன். சுவரில் கை ஊன்றித் தள்ளுகிறேன். இனியும் கழன்றால் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வரலாம் என்கிறார்கள். இருபது வயதுக்காரர்களுக்கு முதல் தடவை கழன்றால் மறுபடி கழலும் வாய்ப்பு மிக அதிகம் என்பதை முதல் நாளே என் மனதில் பதியச் சொல்லியிருந்தால், நான் அந்தக் கம்பியை வலக்கையால் பிடித்திருப்பேன்.

தெஹிவளை, மகள்:

நான் எழுதுவது அப்பாவுக்காக. பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. அவரைக் கட்டிலிலிருந்து எழுப்ப நாங்கள் எல்லோரும் செய்தது ஒன்றுதான்: கையைப் பிடித்து இழுத்தோம். நானும் இழுத்தேன். அண்ணா அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். அப்பாவால் பேச முடியாது. முகத்தைச் சுளித்தார். நோயின் வேதனை என்று நினைத்தோம்.

பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்த அன்று அப்பாவின் சட்டையை விலக்கித் தோளின் மேல் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். எலும்புக்குக் கீழே ஒரு பள்ளம். என் விரல் அதற்குள் போனது. சோர்ந்த தசைகள் மூட்டைப் பிடித்து வைக்கவில்லை. கையின் பாரமே அதைக் கீழே இழுத்திருந்தது. அதற்கு மேல் நாங்களும் இழுத்திருந்தோம்.

அன்று இரவு நான் அழுதேன். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். வலக்கையால் என் தலையைத் தடவினார்.

இப்போது செய்வதை எழுதுகிறேன், இன்னொரு வீட்டில் அந்த இழுவை நடக்கக்கூடாது. இருக்கும்போது இடக்கை எப்போதும் தலையணையின் மேல் இருக்கும், தொங்காது. எழுப்பும்போது தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் உள்ளங்கையை விரித்து வைத்து, இடுப்பைப் பிடித்து எழுப்புகிறோம். சட்டை போடும்போது சுகமில்லாத கைக்கு முதலில், கழற்றும்போது அதற்குக் கடைசியில். ஒரு உறவினர் கயிற்றையும் கப்பியையும் கொண்டுவந்து, அப்பா தானே கையை மேலே இழுத்துப் பழகட்டும் என்றார். பிசியோதெரபிஸ்ட் மறுத்துவிட்டார். இப்படிப்பட்ட தோளை அது மேலும் கெடுக்குமாம்.

புறக்கோட்டை, கடைக்காரர்:

நான்காம் குறுக்குத்தெருவில் கடை வைத்திருக்கிறேன். 61 வயது. முப்பது வருடங்களுக்கு முன் நாட்டாமி வேலை பார்த்தவன். வெங்காய மூட்டை, உருளைக்கிழங்கு மூட்டை எல்லாம் இந்த வலது தோளில் ஏறியவைதான். போன மாதம் கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளும்போது, தோளுக்குள் துணி கிழிவது போல் ஒன்று உணர்ந்தேன். அன்றிலிருந்து கையைப் பக்கத்தில் தூக்க முடியவில்லை.

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு நானும் சுவரில் விரலால் ஏறிப் பார்த்தேன். பலமாக இழுத்தும் பார்த்தேன். இரவில் நோ கூடிவிட்டது. ஆனால் ஒன்று கவனித்தேன். மகன் என் கையைப் பிடித்துத் தூக்கினால் அது காது வரை போகிறது. அவன் விட்டதும் கீழே விழுந்துவிடுகிறது. டீச்சருக்கு அடுத்தவர் தூக்கினாலும் போகவில்லை என்று எழுதியிருக்கிறார். எனக்குப் போகிறது. அப்படியென்றால் இது வேறா?

கொழும்பில் பணியாற்றும் பிசியோதெரபிஸ்ட்:

ஐயா, வேறாக இருக்கலாம். உங்கள் தோளைத் தொட்டுப் பார்க்காமல் பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கவனித்தது நாங்கள் கிளினிக்கில் முதலில் கவனிக்கும் விடயம்.

தேநீர்க் கோப்பையின் சிறு தட்டில் ஒரு தோடம்பழத்தை வைத்துப் பாருங்கள். தோள்மூட்டு அப்படித்தான். குழி ஆழமற்றது, பந்து பெரியது. அதனால்தான் உடலில் வேறெந்த மூட்டும் இவ்வளவு தூரம் சுழலாது. அதனால்தான் இவ்வளவு எளிதில் கழலுகிறது. பந்தைக் குழிக்குள் பிடித்து வைப்பவை நான்கு சிறு தசைகளும் அவற்றின் தசைநாண்களும். அவற்றில் மேற்பக்கம் போகும் தசைநாண்தான் அதிகம் தேய்வதும் கிழிவதும். அது கிழிந்தால் கையைத் தூக்கும் பலம் போகும், ஆனால் மூட்டு திறந்தே இருக்கும். அதனால் இன்னொருவர் தூக்கினால் கை போகும். உறைந்த தோளில் தசை நன்றாக இருக்கும். மூட்டைச் சுற்றிய உறை தடித்துச் சுருங்கிவிடும். யார் தூக்கினாலும் போகாது. பழைய சட்டையைத் துவைத்துத் துவைத்துக் கை நுழையாமல் போவது போல.

ஆகவே ஆசிரியைக்கு நன்மை செய்த நீட்சிப் பயிற்சி, தம்பியின் கழன்ற தோளுக்கு ஆகாது. அவருடைய உறை ஏற்கனவே தளர்ந்தது, அவருக்கு வேண்டியது பலம். தெஹிவளை ஐயாவின் தோளுக்கு வேண்டியது தாங்கல். உங்களுக்கு வேண்டியது முதலில் பரிசோதனை. தேவைப்பட்டால் ஸ்கேன். அதுவரை சுவரில் பலமாக இழுக்காதீர்கள். முற்றாக ஓய்வும் கொடுக்காதீர்கள். இடுப்பு உயரத்துக்குக் கீழே நோகாத வேலைகளைச் செய்யுங்கள். கிழிந்தால் சத்திரசிகிச்சைதான் என்று பயப்படவும் வேண்டாம். உங்கள் வயதில் பலருக்குக் கிழிவு இருந்தும் தெரியாமலே இருக்கிறது. பயிற்சியோடு மட்டும் வேலைக்குத் திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் விழுந்தோ பாரம் தள்ளியோ திடீரென்று பலம் போயிருந்தால் தாமதிக்கக்கூடாது. நீங்கள் ஏற்கனவே ஒரு மாதம் தாமதித்துவிட்டீர்கள்.

உறைந்த தோள் என்ற பெயரை 1934 இல் பொஸ்டன் நகரத்து சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்னஸ்ட் கொட்மன் கொடுத்தார். ஆசிரியை மேசையில் குனிந்து செய்த ஊசல் பயிற்சியும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நோவும் இறுக்கமும் தளர்வும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முடிய ஒரு வருடம் முதல் மூன்று வருடங்கள் ஆகலாம். இரு வாரத்தில் திறந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பயிற்சி எவ்வளவு நோகலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நோ ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் சரி. மறுநாள் காலையிலும் இருந்தால் அளவு கூடிவிட்டது. ஆசிரியை மூடிய கை, ஒரு விரல் என்று எழுதியதை நான் நாளைக்கே என் கிளினிக்கில் பயன்படுத்தப் போகிறேன். நோவின் வகையைச் சொல்ல மொழி இல்லாமல் "ஓம், ஓம்" என்று தலையாட்டும் தமிழ் நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு இது உதவும்.

இன்னொன்று. இடது தோள் நோவோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் அதைத் தோள் நோ என்று எண்ணிப் பிசியோதெரபிக்கு வராதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

புறக்கோட்டை, கடைக்காரர்:

நன்றி மிஸ். செவ்வாய்க்கிழமை தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகிறேன். கதவை இனி மகன் திறப்பான்.

வெள்ளவத்தை, ஆசிரியை:

ஐயா, நேரத்தோடு போங்கள், வரிசை நீளம். குடிக்கும் மருந்துகளின் சீட்டையும் பழைய படங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கையில்லாத பெனியன் போட்டு மேலே பொத்தான் சட்டை போடுங்கள், கழற்றச் சுலபம். மகனையும் கூட்டிச் செல்லுங்கள். அவர் தூக்கினால் கை போவதையும், விட்டால் விழுவதையும் டொக்டர் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.