சிலிப்பரி எல்ம் பட்டைத் தூள்: பயன்படுத்தியவர்களின் அனுபவம்

வெள்ளவத்தையிலிருந்து:
கனடாவிலிருந்து வந்த பெரியம்மா தந்த சிலிப்பரி எல்ம் தூளை, அதாவது ஒரு மரத்தின் உட்பட்டைத் தூளை, அம்மாவின் வறட்டு இருமலுக்குக் கொடுத்தேன். கொதிநீரை ஒரேயடியாக ஊற்றியதில் கட்டி கட்டியாகத் திரண்டது. மறுமுறை பச்சைத் தண்ணீரில் குழைத்துவிட்டுச் சுடுநீர் சேர்த்தபோது, வெண்டைக்காய்ப் பசை போலக் கரண்டியிலிருந்து நூலாக இறங்கியது. அன்றிரவு அம்மா இருமாமல் உறங்கினார். ஆனால் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய தைரொயிட் குளிசையையும் அந்தக் கூழையும் பத்து நாட்களாக விடியலில் ஒன்றாகவே கொடுத்து வந்திருக்கிறேன். "குளிசையை எதனுடன் குடிக்கிறீர்கள், அம்மா?" என்று வைத்தியர் கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என்னை உறுத்துகிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
நான் சிலிப்பரி எல்ம் பட்டையைப் புறக்கோட்டையில் மருந்துச் சரக்குக் கடை கடையாகக் கேட்டேன். ஓரிடத்தில் "பட்டை எல்லாம் ஒன்றுதான்" என்று மருதம்பட்டையைக் கட்டிக் கொடுத்தார்கள். கஷாயம் வைத்து ஒரு மிடறு விழுங்கியதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. புண்பட்டிருந்த தொண்டை மேலும் வறண்டது. ஏமாற்றப்பட்டேன் என்றே நினைக்கிறேன்.

தெகிவளையிலிருந்து:
நான் ஆசிரியை. குரல் கம்மிய நாளில் சிலிப்பரி எல்ம் பட்டை சேர்ந்த இனிப்பு வில்லையை வாயில் அடக்கினேன்; சிறிது நேரம் இதமாக இருந்தது.

கொட்டாஞ்சேனை அன்பர் ஏமாற்றப்பட்டதாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சிலிப்பரி எல்ம் வட அமெரிக்க மரம். நம் சரக்குக் கடைகளில் அதைத் தேடுவது வீண். மருதம்பட்டை துவர்ப்பு மிகுந்தது, இதயத்துக்கென்று நம் வைத்தியர்கள் போற்றுவது. தொண்டையை வழுவழுப்பாக்குவது அதன் வேலையன்று. எல்ம் மரத்தின் உட்பட்டையில் உள்ள பசைப்பொருள் தண்ணீரில் ஊறி, தொண்டையிலும் இரைப்பையிலும் மெல்லிய படலமாகப் படிந்து எரிச்சலைத் தணிக்கிறது. அந்தப் படலமே மற்ற மருந்துகள் உடலில் சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், குளிசைக்கும் தூளுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். தைரொயிட் குளிசைக்கு நான்கு மணி நேரம் விடுவதே நல்லது. தூளை நிறையத் தண்ணீருடன் குடிக்க வேண்டும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் பட்டையை நம்பிக் காத்திராமல் சளியைப் பரிசோதியுங்கள். காசநோயும் அப்படித்தான் தொடங்கும். இன்னொன்று: சுற்றிலும் பட்டையுரித்த மரம் பட்டுப்போகும், ஆகவே இருக்கும் தூளை வீணாக்காதீர்கள்.

வெள்ளவத்தையிலிருந்து:
நன்றி, ரீச்சர். கூழை மாலை நான்கு மணிக்கு மாற்றிவிட்டோம். அம்மாவுக்கு அடுத்த மாதம் மீண்டும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.