மறு: ‘ரீமேக்’ என்பதற்கு என்ன சொல் வைப்பது?

அனுப்பியவர்: மண்டபத்தான்

குழுவினருக்கு வணக்கம்.

ஓர் அவசரம். அடுத்த மாதம் இங்கே வலை பின்னும் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி மூன்று இரவு படம் போடுகிறோம். எல்லாம் விண்வெளி, விஞ்ஞானம், பயம் கலந்த பழைய ஆங்கிலப் படங்கள். ஓர் இரவுக்கு இரண்டு. முதலில் ஐம்பதுகளில் வந்தது, இடைவேளையில் சுண்டல், அப்புறம் அதே கதையைப் பல வருடம் கழித்து எடுத்தது. ‘தி திங்’ 1951க்கு 1982, ‘பாடி ஸ்நாட்சர்ஸ்’ 1956க்கு 1978, ‘தி ஃப்ளை’ 1958க்கு 1986.

நோட்டீஸில் ‘பழைய படமும் அதன் ரீமேக்கும்’ என்று எழுதி மைத்துனரிடம் காட்டினேன். படித்துவிட்டு, “எந்த பாஷைலருந்து எந்த பாஷைக்கு மாப்ள?” என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நமக்கு ரீமேக் என்றால் பக்கத்து வீட்டுக்குப் போவது. மலையாளத்தில் 1993இல் வந்த ‘மணிச்சித்ரதாழ்’ கன்னடத்துக்குப் போய், 2005இல் ‘சந்திரமுகி’யாக நம்மிடம் வந்து, இந்திக்கும் போனது. நான் போடப்போகும் படங்கள் போவது வேறு திசை. ஊர் அதே, பாஷை அதே, நடுவில் முப்பது வருடம். நம்மிலும் இல்லாமல் இல்லை. 1980 ‘பில்லா’ இந்தியிலிருந்து வந்தது, 2007 ‘பில்லா’ 1980இலிருந்து வந்தது. இரண்டையும் ரீமேக் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மறுவாக்கம், மீளாக்கம் என்று அகராதிகளில் கிடக்கிறது. அதைப் போட்டாலும் மைத்துனர் அதே கேள்வியைத்தான் கேட்பார். காலம் தாண்டிப் போவதற்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். வியாழக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

----

அனுப்பியவர்: தொண்டித் தம்பி

அண்ணே, இதுக்குப் போய் யோசிக்கணுமா? கூடுபாய்வு! சித்தர்கள் செய்த கூடுவிட்டுக் கூடு பாய்தல். உயிர் அதே, உடம்பு புதுசு. ‘1982 படம் 1951 படத்தின் கூடுபாய்வு.’ எப்படி இருக்கு? நான் சப்டைட்டில் எழுதுற வேலையில நாளைக்கே போட்டுடுவேன்.

----

அனுப்பியவர்: இராமநாதபுரம் ஆசிரியர்

தம்பிக்கு,

சொல் அழகாக இருக்கிறது. ஆனால் திருமூலர் கதையை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்கிறான். மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. வழியில் வந்த யோகி அந்த மாடுகளுக்காக இரங்கி, தம் உடலை ஓரிடத்தில் காத்துவைத்துவிட்டு, மூலன் உடலுக்குள் புகுகிறார். மாடுகளுக்கு மகிழ்ச்சி. மாலையில் மூலனின் மனைவி தேடி வருகிறாள். அதே முகம், அதே கை. ஆனால், ‘உனக்கும் எனக்கும் உறவில்லை’ என்கிறது அந்த உடல். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள்.

நாம் யோகியின் பக்கமிருந்தே இந்தக் கதையைப் படித்துப் பழகிவிட்டோம். அந்தப் பெண்ணின் பக்கமிருந்து பாருங்கள். டான் சீகல் 1956இல் எடுத்த ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்’ படத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் சொல்வதும் இதேதான். மாமா என் மாமா இல்லை. பேச்சு, நடை, பழைய நினைவு எல்லாம் இருக்கிறது, கண்ணுக்குள் இருக்க வேண்டியது மட்டும் இல்லை. ஆகவே கூடுபாய்வு என்ற சொல்லை ரீமேக்குக்குச் செலவழித்துவிடாதீர்கள். ஆள் அப்படியே இருக்க உள்ளே வேறொன்று குடியேறும் கதைவகைக்கு அது வேண்டும்.

இன்னொன்று. அந்தப் படத்தில் மனிதர்களை நகலெடுக்கும் பெரிய காய்களை ‘விதைப்பை’ என்று ஓரிடத்தில் மொழிபெயர்த்திருக்கக் கண்டேன். உடற்கூற்றுப் பாடம் போல் இருக்கிறது. நெற்று என்ற சொல் எங்கே போயிற்று? நம் மாவட்டத்தில் சீமைக்கருவேல நெற்றைத் தெரியாத ஆடு உண்டா? அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, ஆடு மாடு தின்று போட்ட சாணத்தில் முளைத்து, கண்மாய், வயல், கொல்லை எல்லாம் பிடித்துக்கொண்டது. நெற்றிலிருந்து வரும் படையெடுப்பை நமக்கு யாரும் படம் எடுத்து விளக்க வேண்டியதில்லை. ‘நெற்று மனிதர்’ என்று போடுங்கள்.

----

அனுப்பியவர்: மண்டபத்தான்

ஐயாவுக்கு நன்றி. நெற்று மனிதரை நோட்டீஸில் சேர்த்துவிட்டேன். கூடுபாய்வை விட்டுவிடுவோம்.

நேற்று மாலை வடகடல் கரையில் ஒரு வத்தையை, அதாவது மரப்படகை, பிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது மரவேலை அபூர்வம் என்பதால் நின்று பார்த்தேன். படகுத் தச்சரான ஓடாவி கடப்பாரை நுனியைப் பலகைக்கு அடியில் கொடுத்து நெம்ப, துருப்பிடித்த ஆணி ‘கிரீச்’ என்று கழன்றது. உளுத்த பலகை இந்தப் பக்கம், தேறும் பலகை அந்தப் பக்கம். வங்குகள் விலா எலும்பு மாதிரி வெளியே தெரிந்தன. அதிலும் நாலைந்தை மாற்றணும் என்றார். படகுக்கு முதுகெலும்பான ஏராக்கட்டையைக் குனிந்து சுத்தியலால் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போய், சத்தத்தைக் கேட்டு, “இது கிடக்கட்டும், இதுக்கு ஒண்ணும் ஆகல” என்றார். படகுக்காரர் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. என்ன வேலை நடக்குது என்று போகிற வருகிறவர் எல்லாம் கேட்க, அவர் சொன்ன ஒரே பதில்: “பிரிச்சுக் கட்டுறோம்.”

கூரை வீட்டுக்கும் நாம் அதைத்தான் சொல்கிறோம். ஓலை மாற்றினால் வேய்தல். சுவரோடு இறக்கி, அதே மனையில் மறுபடி எழுப்பினால் பிரித்துக் கட்டுதல். என் முன்மொழிவு அதுதான்: பிரித்துக்கட்டு. வினையாகவும் வரும், பெயராகவும் வரும். ‘இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் பிரித்துக்கட்டினார்’, ‘1982 பிரித்துக்கட்டு’.

படங்களோடு வைத்துப் பார்த்தால் இன்னும் பொருந்துகிறது. ஜான் டபிள்யூ. கேம்பெல் 1938இல் புனைபெயரில் ஒரு குறுநாவல் எழுதினார். தென்துருவ முகாம். பனிக்கடியிலிருந்து தோண்டி எடுத்த ஒன்று, பிடித்த உயிரைத் தின்று அதன் உருவமாகவே நிற்கும். பக்கத்துப் படுக்கையில் இருப்பவன் மனிதனா அதுவா என்று தெரியாது. ரத்தத்தை எடுத்துச் சூடான கம்பியால் தொட்டுச் சோதிக்கிறார்கள். இதுதான் ஏரா.

1951இல் ஹாவர்ட் ஹாக்ஸ் தயாரித்து கிறிஸ்டியன் நைபி இயக்கிய படம் அந்த ஏராவையே கரையில் போட்டுவிட்டுப் போனது. துருவம் வடக்கே மாறியது. உருமாற்றம் இல்லை. தாவர இனத்தைச் சேர்ந்த நெட்டையான ஒரு பூதம், ரத்தம் குடிக்கும், கதவைத் திறந்தால் நிற்கும். குறை சொல்லவில்லை, நல்ல படகுதான். காவலுக்கு இருந்தவன், பனிக்கட்டிக்குள்ளிருந்து முறைக்கிற கண்ணைப் பார்க்கச் சகிக்காமல், கையில் கிடைத்த போர்வையை எடுத்து மூடுகிறான். அது மின்சாரத்தில் சூடாகும் போர்வை. பனி சொட்டுச் சொட்டாக உருகுகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே முதல் படத்தை முதலில் போடுகிறேன்.

ஜான் கார்ப்பென்டருக்கு அந்தப் படத்தின் மேல் கொள்ளை ஆசை. 1978இல் அவர் எடுத்த ‘ஹாலோவீன்’ படத்தில் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்ப்பது அதைத்தான். ஆனால் 1982இல் ‘தி திங்’ எடுக்கும்போது அந்தப் பலகைகளைத் தொடவில்லை. 1938க்குப் போய் ஏராவைத் தட்டிப் பார்த்தார். தென்துருவம் திரும்பி வந்தது, ஒருவரை ஒருவர் சந்தேகிப்பது வந்தது, ரத்தச் சோதனை வந்தது. கட்டிப்போட்ட ஆட்கள், ஆளுக்கொரு கண்ணாடித் தட்டில் ரத்தம், பழுக்கக் காய்ச்சிய கம்பி. ஒவ்வொரு தட்டாக ‘சுர்’ என்று அடங்கிக்கொண்டே வந்து, யாரும் எதிர்பார்க்காத தட்டில் ரத்தமே அலறித் துள்ளும். வெளிவந்தபோது சீண்டுவாரில்லை. இரண்டு வாரம் முன்னால் வந்த ‘ஈ.டி.’யின் நல்ல வேற்றுக்கிரகவாசியில் ஊரே உருகிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அந்த வகையில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பது என் கட்சி.

1978 ‘பாடி ஸ்நாட்சர்ஸ்’ வேறு மாதிரி. பிலிப் காஃப்மன் சின்ன ஊர்க் கதையை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனார். ஆனால் ஒரு பழைய பலகையை வேண்டுமென்றே புதுப் படகில் அடித்திருக்கிறார். 1956 படத்தில் நெடுஞ்சாலையில் கார்களுக்கு நடுவே ‘வந்துவிட்டார்கள்’ என்று கத்திக்கொண்டு ஓடிய கெவின் மெக்கார்த்தி, இதிலும் கார் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு ஓடி வருகிறார். இருபத்திரண்டு வருடமாக அந்த மனிதர் நிற்கவே இல்லை போல. டாக்சி ஓட்டுபவர் யாரென்றால் பழைய படத்தின் இயக்குநர் டான் சீகல்!

‘தி ஃப்ளை’க்கு ஏரா மட்டும்தான் மிச்சம். ஆளை இடம்விட்டு இடம் அனுப்பும் எந்திரத்துக்குள் ஒரு ஈ. 1958இல் தலையும் கையும் ஒரே நொடியில் மாறிப்போகும், மனைவி முகத்துணியை இழுக்கும்வரை நமக்குக் காட்டமாட்டார்கள். 1986இல் டேவிட் க்ரோனன்பெர்க் அதையே ஒரு நோய் மாதிரி, நகம் கழன்று, பல் கழன்று, வாரக் கணக்கில் நடத்துகிறார். மூன்றாம் இரவு பிள்ளைகளைக் கூட்டி வராதீர்கள் என்று நோட்டீஸிலேயே போடப்போகிறேன்.

----

அனுப்பியவர்: கீழக்கரைக் காக்கா

தம்பி, மூலக்கதை என்று நல்ல சொல் இருக்கும்போது ஏரா எதற்கு? கடலுக்குப் போகாதவனுக்கு யார் விளக்குவது? பிரித்துக்கட்டு எனக்குச் சம்மதம்.

2011இல் அதே ‘தி திங்’ பெயரில் ஒன்று வந்ததே, அது பிரித்துக்கட்டு இல்லை. 1982 கதைக்கு முந்தி நடந்தது. ‘முன்கதை’ போதும். அதில் இன்னொரு கொடுமை. ரப்பரும் கம்பியும் வைத்துக் கையால் பூதம் செய்தார்கள். கடைசியில் பெரும்பாலும் அதன் மேலேயே கணினி வேலையை ஏற்றிவிட்டார்கள். நம் ஆட்கள் மரப்படகு மேல் ஃபைபர் ஒட்டுகிற மாதிரி. படகுக்காவது ஓட்டை அடையும்.

----

அனுப்பியவர்: இராமநாதபுரம் ஆசிரியர்

மண்டபத்தாருக்கு,

ஓடாவியைக் கண்முன் நிறுத்தினீர்கள். ஆனால் சொல்லில் ஓர் ஓட்டை இருக்கிறது. வத்தையைப் பிரித்துக் கட்டினால் பழைய வத்தை இல்லாமல் போகிறது. 1951 படம் இல்லாமல் போயிற்றா? இல்லை, நீங்களே அதை முதல் காட்சியாகப் போடுகிறீர்கள்.

பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914இல் திறந்த பாலத்தின் தூக்கு, இரண்டு கைகளாக மேலே விரியும். ஆட்கள் நின்று தள்ளித் திறப்பதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோனது. 46 நாளில் சரிசெய்தார்கள். அது மராமத்து. பழைய பிலிம் சுருளைக் கறை நீக்கிப் புதுப்பிக்கிறார்களே, அதற்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2025 ஏப்ரலில் திறந்த பாலம் மராமத்து அல்ல. பழையது நிற்க, பக்கத்திலேயே எழுந்தது. கைகள் விரிவதில்லை, 72.5 மீட்டர் துண்டு படுத்த வாக்கிலேயே நேராக மேலே போகிறது. கடல் அதே, கப்பல் வழி அதே, தூக்கும் விதம் வேறு. உங்கள் படங்கள் இந்த வகை. எனவே பிரிப்பதை விட்டுவிட்டு ‘மறுகட்டு’ என்று சுருக்கலாம்.

----

அனுப்பியவர்: தொண்டித் தம்பி

ஐயா, மறுகட்டுன்னா எங்க ஊர் ஆஸ்பத்திரியில புண்ணுக்குக் கட்டு மாத்துறது. ‘தி ஃப்ளை’க்கு வேணா பொருந்தும்.

----

அனுப்பியவர்: மண்டபத்தான்

ஐயாவின் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. பழைய படம் அழிவதில்லை என்பது உண்மை. தோற்றேன் என்று ஒப்புக்கொண்டு, ‘மறுகட்டு’ என்றே எழுதி அச்சகத்துக்கு அனுப்பினேன். இன்று காலை மாதிரித்தாள் வந்தது.

கரைக்குக் கொண்டுபோனேன். இஞ்சின் வேலை பார்க்கிற பையன் ஒருவன் கையை லுங்கியில் துடைத்துவிட்டு வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தான். ‘1951 படமும் 1982 மறுகட்டும்.’ கொஞ்ச நேரம் தாளையே பார்த்தான்.

“மறுகட்டுன்னா என்னண்ணே?”

பழைய கதையையே ரொம்ப நாள் கழிச்சு வேற ஆளு எடுக்கிறது என்றேன்.

“பிரிச்சுக் கட்டுனதா? அப்படிப் போட வேண்டியதுதானே.”

நான் அவனிடம் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை ஐயா. பழைய படம் அழிந்துபோகுமே தம்பி என்று உங்கள் வாதத்தையும் எடுத்து வைத்தேன். “அழிஞ்சா நீங்க எப்படி மொதல்ல போடுவீங்க?” என்று கேட்டுவிட்டு இஞ்சினுக்குள் கையை விட்டுவிட்டான்.

நாளை வியாழன். மதியம் பன்னிரண்டு மணிக்கு எந்திரத்தில் ஏற்றிவிடுவார்கள். என்ன செய்யட்டும்?

----

அனுப்பியவர்: இராமநாதபுரம் ஆசிரியர்

பையன் சொன்னபடியே போடுங்கள். அச்சுக் கோப்பவரிடம் மட்டும் ஒன்று சொல்லிவைக்கவும்: பிரித்துக்கட்டு ஒரே சொல். வரி முடிவில் இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்கு முழுதாக இறக்கட்டும், பிரிக்க வேண்டாம்.