முதல் கைத்துப்பாக்கி வாங்கிய கதை

என் கதையைச் சொல்லித் தொடங்குகிறேன். அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

உரிமம் கைக்கு வந்ததும் எந்தத் துப்பாக்கி வாங்குவது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அண்ணன் முடிவு செய்துவிட்டார். "உனக்கு ரிவால்வர்தான் சரி. சின்னது, லேசானது, நடுவில் சிக்கிக்கொள்ளாது, விசையை இழுத்தால் சுடும். வேறென்ன வேண்டும்?" .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகைக்கான, ஐந்து தோட்டா கொள்ளும் ரிவால்வர். குழல் நீளம் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு, எடை அரைக் கிலோகூட இல்லை. கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

சுட்டபோதுதான் தெரிந்தது. அந்த மாதிரி ரிவால்வரின் விசையை இழுக்க ஏறக்குறைய ஐந்து கிலோ பலம் வேண்டும். அரைக் கிலோ பொருளை ஒரு கையால் அசையாமல் பிடித்தபடி, அதே கையின் ஒற்றை விரலால் அதைப் போல் பத்து மடங்கு பலம் கொடுத்து இழுக்க வேண்டும். குழல் நேராக நிற்குமா? முதல் குண்டு இலக்கு அட்டைக்குக் கீழே போனது. சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் உதை வேறு. ஒரே தோட்டாதான் என்றாலும் துப்பாக்கி லேசாக ஆக ஆக உதை கூடும், எடைதான் அதை வாங்கிக்கொள்கிறது. சின்னத் துப்பாக்கி என்றால் மென்மையான துப்பாக்கி என்று நினைத்திருந்தேன்.

பயிற்சியாளர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை எனக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத இரண்டு போலித் தோட்டாக்களைப் போட்டுக் கொடுத்தார். போலித் தோட்டாவில் விசை இழுபட்டதும், வெடிக்காத துப்பாக்கியின் மூக்கு தானாகக் கீழே குனிந்தது. உதைக்கு முன்பே என் கை பயந்து குனிகிறது. அந்தப் பழக்கம் போக மூன்று மாதம் ஆனது. அதுவும் உதை குறைவான சின்னத் தோட்டா போடும் .22 பிஸ்டலில் ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொண்ட பிறகு.

இப்போது வைத்திருப்பது கிளாக் 19 என்ற பிஸ்டல். 9 எம்எம், 15 தோட்டா, காலியாக ஏறக்குறைய 600 கிராம். அண்ணன் "உன் கைக்குப் பெரிது" என்றார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சவ்வு பிடியின் உச்சியில் பதிய வேண்டும், குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், அந்த நிலையில் விரல் நுனிச் சதை விசையில் உட்கார வேண்டும். விரல் எட்டுவதற்காகக் கையைத் திருப்ப வேண்டியிருந்தால்தான் அது பெரிது. எனக்குத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் இதையே வாங்குங்கள் என்று சொல்லவில்லை. நான்கைந்தை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

* * *

நான் உங்கள் அண்ணன் ரகம், ஒப்புக்கொள்கிறேன். மனைவிக்காக ஒரு சின்ன .380 பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தேன். தோட்டா சின்னது, உதையும் சின்னதாக இருக்கும் என்று கணக்கு. அது ப்ளோபேக் வகை என்பதைக் கவனிக்கவில்லை. பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதிதான் ஸ்லைடு. ப்ளோபேக்கில் அதைக் குழலோடு பூட்டும் ஏற்பாடு கிடையாது, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் தோட்டாவின் வேகத்தைத் தாங்க வேண்டும். அதனால் ஸ்பிரிங் விறைப்பு, உதையும் சுளீரென்று. பூட்டும் அமைப்புள்ள 9 எம்எம் பிஸ்டல் இதைவிடச் சாதுவாக இருக்கிறது.

முதல் தோட்டாவைக் குழலுக்குள் ஏற்ற ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும், அவளால் அதை இழுக்கவே முடியவில்லை. "நான் இழுத்துத் தருகிறேன்" என்றேன். "ராத்திரி எவனாவது உள்ளே வந்தால் முதலில் உங்களை எழுப்பணுமா?" என்று கேட்டாள்.

பிறகு ஒரு பெண் பயிற்சியாளர் பத்தே நிமிடத்தில் சரிசெய்தார். இழுக்காதே, தள்ளு என்றார். துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகில் கொண்டுவந்து, இடது கையால் ஸ்லைடின் பின்பகுதியை மேலிருந்து இறுக்கிப் பிடித்து, வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ள வேண்டும். விரல்களுக்குப் பதில் உடம்பின் பலம் வேலை செய்கிறது. ஒன்று மட்டும் ஜாக்கிரதை. தம் கட்டித் தள்ளும்போது குழல் பக்கத்தில் நிற்பவரை நோக்கித் திரும்பிவிடும்.

* * *

தம்பி சொன்னது சரி, ஆனால் எல்லோருக்கும் அந்த வித்தை உதவாது. எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, விரல் மூட்டுகளில் வாதம். ஸ்லைடு முடியாவிட்டால் ரிவால்வர் என்று எல்லோரும் சொன்னார்கள். ஸ்லைடை இழுக்க முடியாத விரல் அந்த விசையை மட்டும் எப்படி இழுக்கும்?

2018இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஸி எனக்குச் சரிப்பட்டது. .380தான், ஆனால் இது பூட்டும் வகை, ஸ்லைடு லேசாக வருகிறது. தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் பக்கவாட்டில் உள்ள குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டால் எட்டுத் தோட்டாவையும் நகம் உடையாமல் போடலாம். பிடியின் பின்புறம் ஒரு பாதுகாப்புப் பட்டை இருக்கிறது. உள்ளங்கை அதை முழுக்க அழுத்தாவிட்டால் சுடாது. அவசரத்தில் அரைகுறையாகப் பிடித்து, "ஏன் சுடவில்லை?" என்று நானே விழித்திருக்கிறேன். இப்போது தினமும் பத்து நிமிடம், தோட்டா இல்லாமல், பிடியை மட்டும் பழகுகிறேன். தோட்டாக்கள் அப்போது அடுத்த அறையில் இருக்கும்.

* * *

யாரும் சொல்லாத விஷயம் ஒன்று. பிஸ்டலிலிருந்து தெறிக்கும் காலித் தோட்டா கொதிக்கும். கழுத்து இறங்கிய சட்டை போட்டுப் போனேன், மூன்றாவது சுற்றில் நேராக உள்ளே விழுந்தது. கையில் துப்பாக்கியோடு நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பக்கத்து வரிசை முழுக்கத் தரையில் குனிந்தது. சூடு பட்டால் படட்டுமே, முதலில் விரல் விசையை விட்டு வர வேண்டும், அடுத்து துப்பாக்கி மேஜைக்குப் போக வேண்டும், அப்புறம்தான் சட்டையை உதற வேண்டும். இப்போதெல்லாம் கழுத்துவரை மூடிய சட்டைதான்.

* * *

அந்த அண்ணனின் வாதத்தில் "கைப்பையில் அடங்கும்" என்பதும் இருந்திருக்குமே? என் தோழியும் அப்படித்தான் வைத்திருந்தாள், உறையில்லாமல். சாவிக்கொத்து, விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்குள் நுழைந்து கிடந்ததை ஒருநாள் தற்செயலாகப் பார்த்தாள். நல்லவேளை, விசை அசையவில்லை. பையைப் பறித்தால் துப்பாக்கியும் சேர்ந்து போகும், வீட்டில் குழந்தை பையைத் துழாவும். விசையை முழுக்க மூடும் உறை, உடம்போடு கட்டிய பெல்ட். துப்பாக்கி தேடும்போதே இதையும் தேடுங்கள். வீட்டில் இருக்கும்போது பூட்டுப் பெட்டி.

* * *

ஆமாம், என் அண்ணன் கைப்பையும் சொன்னார்! அந்த ரிவால்வர் என்ன ஆனது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். போன மாதம் அதைச் சுடுதளத்துக்கு எடுத்துப் போய் அண்ணன் கையில் கொடுத்து ஐந்தையும் சுடச் சொன்னேன். மூன்றாவதோடு கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.